பட்டினிக்குத் துணை நிற்பதா நட்பு?

உயிரைப் பணயம் வைத்துப் போராடும் நண்பரிடம் "போதும், நிறுத்து" என்பது துரோகம்; முடிவு அவருடையது, கடைசிவரை துணை நிற்பதே நட்பு என்கிறார்கள். இரோம் சர்மிளாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகும் இப்படிச் சொல்ல முடியுமா?

2000 நவம்பரில் மணிப்பூரின் மாலோமில் 10 பேரைப் பாதுகாப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். இதையடுத்து, படையினருக்குச் சிறப்பு அதிகாரம் தரும் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி சர்மிளா உண்ணாவிரதம் தொடங்கினார். காவலில் வைத்து, மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தினார்கள். 2016 ஆகஸ்ட் 9 அன்றுதான் உண்ணாவிரதத்தை முடித்தார்.

1. கோரிக்கையை ஆதரிப்பது வேறு, வழிமுறையை ஆதரிப்பது வேறு. வழக்கு, பேரணி, தேர்தல் என வழிகள் பல இருக்க, ஒரு மாநிலத்தின் கோபத்தை ஓர் உடல் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

2. தொடங்கும் முடிவு அவருடையது என்றால், நிறுத்தும் முடிவு யாருடையது? அவர் நிறுத்தியதும் ஆதரவாளர்கள் பலர் கொதித்தார்கள். இம்பாலில் அவர் தங்குவதற்கே எதிர்ப்புக் கிளம்பியது. அவர்கள் மதித்தது சர்மிளாவையா, அவருடைய பட்டினியையா?

3. பட்டினியைப் போற்றியவர்கள் போராட்டத்தையும் சுமப்பார்கள் என்பது வெறும் நம்பிக்கை. 2017 சட்டமன்றத் தேர்தலில் தௌபால் தொகுதியில் போட்டியிட்ட அவருக்கு விழுந்தவை 90 வாக்குகள்.

4. தடுத்துப் பேசுவது கைவிடுவது ஆகாது. "நிறுத்து" என்று சொல்லிவிட்டு, அவர் கேட்காதபோதும் மருத்துவமனைக்குப் போகலாம், வழக்கறிஞரைத் தேடலாம், அதே கோரிக்கையோடு தெருவில் இறங்கலாம். வெறுமனே கைதட்டியவர்கள் இவற்றில் எதைச் செய்தார்கள்?