சந்தைக்கு ஒரு நாள் உண்டு

கௌரவ பிரதமரும் கல்வி, உயர்கல்வி அமைச்சருமான கலாநிதி ஹரிணி அமரசூரிய அவர்களுக்கு,

நான் மட்டக்களப்பு எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே, களுதாவளைக்கு வடக்கே இருக்கும் தேற்றாத்தீவில் பிறந்தவள். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். வீட்டிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர். மட்டக்களப்பில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். காலை எட்டு மணி விரிவுரைக்கு அது சரிவராது. ஆகவே செங்கலடியில் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்திருக்கிறோம்.

அப்பா இல்லை. அம்மா தோட்டங்களில் கூலிக்கு மிளகாய் பிடுங்குகிறார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். எனக்கென்று போட்ட அத்திவாரத்தின் மேல் வைக்க அம்மா இன்னும் கல் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காசில் கைவைப்பதில்லை என்று முதல் வருடமே முடிவெடுத்தேன். சனி, ஞாயிறில் ஊருக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். அந்த வருமானமும் மாணவர் உதவிப்பணமும்தான் என் படிப்பு.

சிக்கனம் எங்களுக்குப் புதிதல்ல. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்துக்கு மேல் இருந்தபோது நான் உயர்தர மாணவி. முருங்கையிலையை எத்தனை விதமாகச் சமைக்கலாம் என்று அந்த வருடம்தான் கற்றேன். இப்போதும் இரவில் ஒரு பானை சோறு. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் வெங்காயத்தோடும் பச்சை மிளகாயோடும் பழஞ்சோறு. ஒரு தேங்காய் இரண்டு நாளுக்கு: முதல் பாதி சம்பலுக்கு, மறுபாதி சொதிக்கு. ஞாயிறு பின்னேரம் ஊரிலிருந்து ஓர் உரப்பையில் கத்தரியும் முருங்கைக்காயும் வரும். நோட்ஸை ஒருத்தி போட்டோகொப்பி எடுப்பாள், அதே வகுப்பில் படிக்கும் மற்றவர்கள் கையால் எழுதிக்கொள்வோம்.

இவ்வளவும் செய்து மிச்சம் பிடித்ததை, காசு எப்போது வரும் என்று தெரியாத சில வாரங்கள் தின்றுவிடுகின்றன. கடந்த வருடம் எனக்கு வரவேண்டிய உதவிப்பணம் இரண்டு மாதம் பிந்தியது. தருபவர் யார் என்று இங்கே எழுதவில்லை; யாரையும் குற்றம் சொல்ல இந்த மடல் இல்லை. பத்துக் கிலோவாக வாங்கும் அரிசியை ஒரு கிலோ, அரைக் கிலோ என்று முடக்குக் கடையில் கொப்பியில் எழுதி வாங்கினேன். பிறகு தோட்டை அடகு வைத்தேன். மூன்றாம் மாதம் முழுப்பணமும் வந்தது, ஒரு சதம்கூடக் குறையவில்லை. கணக்குப் பார்ப்பவருக்கு எந்தப் பிழையும் தெரியாது. ஆனால் வட்டியும் சில்லறை விலையும் போக என் கையில் நின்றது அந்தப் பணம் இல்லை.

நாள் தவறாத காசு எப்படி இருக்கும் என்பதை அம்மா பிடிக்கும் சீட்டில் பார்க்கிறேன். அதில் 12 பெண்கள். மாதம் ஐந்தாம் திகதி பின்னேரம் கூடுவார்கள். மாரி வெள்ளத்தில்கூட முழங்கால் தண்ணீரில் வந்து காசை வைத்துவிட்டுப் போவார்கள். ஒருத்திக்கு முடியாவிட்டால் மூன்று நாள் முதலே வந்து சொல்லிவிடுவாள், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கூலிக்குப் போகும் அந்தப் பெண்கள் வீடு கட்டுவதும் பிள்ளை படிப்பிப்பதும் அந்த ஐந்தாம் திகதியை நம்பித்தான்.

மாணவர் உதவிப்பணமும் அப்படி நம்பத்தான் வந்தது. 1945இல் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது கட்டணம் இல்லாமல் போனது. சாப்பாட்டுச் செலவும் அறை வாடகையும் இருந்தன. 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில், வர்த்தகச் சந்தைகளிலும் லொத்தரிலும் சேர்ந்த பணத்தில் அந்தச் செலவுக்குக் கைகொடுத்தது. சிங்களத்தில் 'பொல' என்றால் சந்தை. எந்த ஊர்ச் சந்தைக்கும் ஒரு நாள் உண்டு, அந்த நாளை நம்பித்தான் சனம் கூடை தூக்குகிறது.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொலவை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரியை 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தினீர்கள். கூடிய 2,500 ரூபாய் எங்கள் அறையில் ஒருத்தியின் ஒரு மாத அரிசி. மனமார்ந்த நன்றி. இப்போது நான் கேட்பதற்குத் திறைசேரியிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வேண்டியதில்லை. எந்தப் பெயரில் வரும் உதவிப்பணமாக இருந்தாலும், அரச ஊழியரின் சம்பளத்துக்கு ஒரு நாள் இருப்பதுபோல இதற்கும் ஒரு திகதியைக் குறித்துச் சுற்றறிக்கை அனுப்புங்கள். பத்தாம் திகதியோ இருபதாம் திகதியோ, எதுவானாலும் நாங்கள் அதற்கேற்ப வாழ்ந்துகொள்வோம். பிந்தும் என்று தெரிந்தால் ஒரு வாரம் முதலே குறுஞ்செய்தி ஒன்று போதும். நீங்களும் திறந்த பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். கடன் கொப்பியை நினைத்துக்கொண்டு வகுப்பில் இருக்கும் பிள்ளையின் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த மடலுக்குப் பலன் கிடைக்கும்போது நான் படிப்பை முடித்திருக்கலாம். எங்கள் அறையில் பதுளையிலிருந்து வந்த முதலாம் வருடத்துத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். வார இறுதியில் ஊர் போய்க் கறி கொண்டுவர அவளுக்கு வழியில்லை. என் உரப்பையில்தான் அவளுக்கும் பங்கு. "எப்ப அக்கா காசு விழும்?" என்று நேற்றும் கேட்டாள். அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு திகதி வேண்டும்.

இப்படிக்கு,
தேற்றாத்தீவு மாணவி ஒருத்தி