மனனத்தால் வெல்ல முடியாத தேர்வு



சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளில் நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். அப்பள்ளிகளுள் சில, ஐ.ஜி.சி.எஸ்.ஈ. நிலையில் ‘குளோபல் பெர்ஸ்பெக்டிவ்ஸ்’ என்னும் பாடத்தைக் கற்பிக்கின்றன. உலகப் பிரச்சினைகளைப் பல கோணங்களில் ஆராய்ந்து, ஆதாரங்களை எடைபோட்டு, தன் முடிவைக் காரணத்தோடு உரைக்கப் பழக்குவதே அதன் நோக்கம். இத்தேர்வுக்கு நம்மில் பலர் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் முறை பயனற்றது. அதுமட்டுமன்று, அமானிதத்திற்கும் மாறானது.

தேர்வின் அமைப்பை முதலில் நோக்குவோம். எழுத்துத் தேர்வுக்கு 35 விழுக்காடு, மாணவர் தனியே எழுதும் ஆய்வறிக்கைக்கு 30, குழுச் செயல்திட்டத்திற்கு 35 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டுள்ளன. எழுத்துத் தேர்வில், மாணவர் முன்பு கண்டிராத குறிப்புகளும் ஒன்றோடொன்று மாறுபடும் வாதங்களும் தரப்படுகின்றன. எவருடைய வாதம் வலுவானது, எந்தக் கூற்றுக்கு ஆதாரமில்லை என்று கண்டறிவதே அங்குக் கேட்கப்படுவது. ஆய்வறிக்கையோ 1500 முதல் 2000 சொற்களுக்குள் மாணவர் தாமே எழுத வேண்டியது.

நாம் என்ன செய்கிறோம்? மாதிரி விடைத் தொகுப்புகளை வாங்கித் தந்து மனனம் செய்யச் சொல்கிறோம். முன்பு கண்டிராத வாதத்திற்கு முன்பே மனனம் செய்த விடை எங்ஙனம் பொருந்தும்? இதைவிடக் கொடியது, ஆய்வறிக்கையைத் தனிப்பயிற்சி ஆசிரியரிடமோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமோ எழுதி வாங்குவது. பிறர் எழுதியதைத் தன்னுடையதென்று சமர்ப்பிப்பது பொய். எடையில் மோசடி செய்யும் வணிகரைக் கண்டிக்கும் நாம், அதே மோசடியை நம் பிள்ளையின் கையெழுத்தில் அரங்கேற்றலாமா?

முறையான ஆயத்தம் எப்படியிருக்கும்? ‘கடலோர நகரங்களின் தாகத்தைக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் தீர்க்குமா?’ என்ற வினாவை ஒரு மாணவி எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன்கொண்ட ஆலைகள் இயங்கத் தொடங்கின. இருந்தும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிகளுக்குக் காத்து நின்றனர். ஆகவே ஆலைகள் வீண் என்று முடிவுகட்டிவிடலாமா? அவையும் இல்லாதிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்று அவள் கேட்க வேண்டும். ஆறுகளற்ற வளைகுடா நாடுகள் கடல்நீரையே பெரிதும் நம்பி வாழ்வதையும், அதற்கு ஆகும் எரிசக்திச் செலவையும் காண வேண்டும். ஆலை வெளியேற்றும் உப்புக் கழிவால் மீன்வளம் குன்றும் என அஞ்சும் மீனவரின் குரலைக் கேட்க வேண்டும். அந்த அச்சத்திற்கு அளவீடுகள் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். தந்தை ஷார்ஜாவிலும் பாட்டி சென்னையிலும் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த இரு பார்வைகளும் தொலைபேசி அழைப்பு ஒன்றில் கிட்டும். எந்தத் தொகுப்பு நூலும் தராத செல்வம் இது.

‘கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை ஈமானிலும் கேள்வி எழுப்புமே’ என்று அஞ்சுவோர் உண்டு. அவர்கள் நம் மரபையே மறந்துவிட்டனர். செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு ஸூரா ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் பணிக்கிறது. பகைவரிடத்தும் நீதி தவறாதிருக்க ஸூரா மாயிதாவின் 8-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. மாற்றுக் கருத்தை நேர்மையாக எடுத்துரைப்பதும் அந்த நீதியில் அடங்கும். ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒவ்வோர் அறிவிப்பாளரின் நினைவாற்றலையும் நேர்மையையும் துருவி ஆராய்ந்தனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இராக்கில் உரைத்த தீர்ப்புகள் சிலவற்றை எகிப்தில் மாற்றிக்கொண்டார்கள். ‘பழைய சொல்’, ‘புதிய சொல்’ என அவை நம் மத்ஹப் நூல்களில் இன்றும் பேசப்படுகின்றன. ஆராய்ச்சி அவர்களது ஈமானைக் குலைக்கவில்லை. ஆராயாமல் நம்பும் பிள்ளையைத்தான் முதலில் வந்த வதந்தி சாய்த்துவிடும்.

‘பிள்ளைக்கு நேரமில்லை, மதிப்பெண் முக்கியம்’ என்பது எஞ்சியுள்ள சாக்கு. மதிப்பெண் முக்கியம்தான், ஆனால் இப்பாடத்தில் மதிப்பெண் கிடைப்பதே சொந்தச் சிந்தனைக்குத்தான். அதற்கான பயிற்சிக்குத் தனி நேரம் தேட வேண்டியதில்லை. இரவு உணவுக்கு அமரும்போது குடும்பக் குழுவில் வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியை எடுங்கள். இதை முதலில் சொன்னவர் யார்? அவருக்கு இதை அறிய வழியுண்டா? இதனால் அவருக்கு ஆதாயம் என்ன? மறுப்பவர் என்ன சொல்வார்? இந்த நான்கு வினாக்களைப் பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை உங்களோடு முரண்பட்டால் ‘பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாதே’ என்று வாயடைக்காதீர்கள்; ‘ஆதாரம் என்ன?’ என்று கேளுங்கள். அதே கேள்வியை அது உங்களிடம் திருப்பிக் கேட்டால் விடை சொல்லவும் ஆயத்தமாயிருங்கள். வீட்டில் வாய்திறக்க அஞ்சும் பிள்ளை தேர்வுக்கூடத்தில் மட்டும் துணிந்து சிந்திக்காது.

அடுத்த மாதக் கட்டணத்தை மாதிரி விடை விற்பவரிடம் செலுத்துமுன், உங்கள் பிள்ளை கடைசியாக எந்தச் செய்தியைக் குறித்துச் சொந்தமாக ஒரு முடிவுக்கு வந்தது என்று எண்ணிப் பாருங்கள். விடை தெரியவில்லையெனில், ஆயத்தம் இன்னும் தொடங்கவில்லை.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், உண்மையை உரைக்கும் துணிவையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.