கடல் கடக்கும் செவிலியர்

திருப்போரூர் வட்டாரத்திலே, கோவளம் தொடங்கிக் கேளம்பாக்கம் வரையிலுள்ள நம் இல்லங்களில், மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. "பெண்ணைச் செவிலியர் படிப்பில் சேர்க்கலாமா?" என்பதே அது. கேட்பவர் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் மோதுகின்றன. ஒன்று, இப்பணி நம் பெண்களுக்கு உகந்ததா என்னும் தயக்கம். மற்றொன்று, சவூதியிலும் குவைத்திலும் இலண்டனிலும் கிடைக்கக்கூடிய ஊதியம்.

தயக்கத்திற்கு விடை எளிது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் அம்பு தைத்துக் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, அஸ்லம் கோத்திரத்துப் பெண்மணி ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் சேர்க்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பள்ளிவாசலிலேயே அமைந்திருந்தது அக்கூடாரம். இதற்கு மேல் சான்று தேடுவானேன்?

இரண்டாவது எண்ணமே நெடிய ஆராய்ச்சிக்கு உரியது. உலக சுகாதார நிறுவனம் 2025 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 2 கோடியே 98 இலட்சம் செவிலியர் உள்ளனர். இன்னும் 58 இலட்சம் பேர் தேவை. இருப்பவர்களில் 78 விழுக்காட்டினர், உலக மக்களில் 49 விழுக்காட்டினர் மட்டுமே வாழும் நாடுகளில் பணிபுரிகின்றனர். ஏழு செவிலியரில் ஒருவர், தாம் பிறந்த மண்ணை விட்டு வேறு நாட்டில் ஊழியம் செய்பவர். வளமுள்ள நாடு தன் மருத்துவமனைக்கு ஆளெடுக்கும்போது, வறிய நாட்டின் பிரசவ விடுதியில் விளக்கணைகிறது என்பதே இதன் பொருள்.

இதனை முதலில் உரக்கச் சொன்னவை சிறு நாடுகள். 2003ஆம் ஆண்டு காமன்வெல்த் சுகாதார அமைச்சர்கள் ஜெனீவாவில் கூடி, அயல்நாட்டிலிருந்து ஆளெடுப்பதற்கு ஒரு நெறிமுறை வகுத்தனர். 2010 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையே அத்தகைய நெறிமுறை ஒன்றை நிறைவேற்றியது. கடும் பற்றாக்குறை நிலவும் நாடுகளில் வலிந்து ஆள்சேர்த்தல் கூடாது. வந்து சேர்ந்த செவிலியரை உள்நாட்டாருக்கு இணையாக நடத்த வேண்டும். இவையே அதன் சாரம். சட்டம் போல் தண்டிக்கும் வலிமை அதற்கில்லை என்பது உண்மைதான். ஆயினும் உறுப்பு நாடுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டியுள்ளது. நாலு பேர் முன் கணக்குச் சொல்ல வேண்டுமென்றால் எவருக்கும் சற்றே கூச்சம் வரத்தானே செய்யும்!

அமைச்சர்கள் மட்டும் பேசிக் கலையாமல், ஒவ்வோர் அரசிலும் உள்ள தலைமைச் செவிலியர்களும் ஒன்றுகூடும் மன்றம் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் நடத்தி வருகிறது. நோயாளியின் கட்டிலருகே நின்றவர்கள் கொள்கை வகுக்கும் மேசையிலும் அமர வேண்டும் என்பதே நோக்கம். அந்நிறுவனத்தின் தலைமைச் செவிலிய அலுவலராக 2017இல் நியமிக்கப்பட்ட எலிசபெத் ஈரோ, பசிபிக் கடலிலுள்ள குக் தீவுகளைச் சேர்ந்தவர். அவருக்குப் பின் வந்த அமெலியா துயிபுலோத்து, டோங்கா நாட்டின் சுகாதார அமைச்சராயிருந்தவர். செவிலியரை இழந்து தவிக்கும் நாட்டின் வேதனையை இவ்விருவருக்கும் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.

2023இல் வெளியான பாதுகாப்புப் பட்டியலில் 55 நாடுகள் உள்ளன. நம் அண்டையிலுள்ள பங்களாதேஷும் பாகிஸ்தானும் நேபாளமும் அதில் உண்டு. இந்தியா இல்லை. ஆகவே நம் பெண்களை எவரும் அழைக்கலாம். 2022 ஜூலையில் பிரிட்டனும் இந்தியாவும் சுகாதாரப் பணியாளர் குறித்து உடன்படிக்கையும் செய்துகொண்டன.

பெண்கள் ஏன் போகிறார்கள் என்று குறைகூறுவோர், ஊரில் என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2015இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் சேர்ந்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாயே தொகுப்பூதியம். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் அவர்கள் திரண்டு போராடியதை நாடறியும். பணி நிரந்தரத்திற்காகக் காத்திருக்கும் பெண்ணிடம், "தாய்நாட்டுக்குத் தொண்டு செய்" என்று உபதேசிப்பது நமக்கு எளிது; அவளுக்கோ அந்த உபதேசத்தால் அடுப்பெரியாது.

எனினும், போகும் வழியில்தான் பள்ளங்கள் உள்ளன. 19,500 ரூபாய் பெற வேண்டிய இடத்தில் ஒவ்வொரு செவிலியரிடமும் 19 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கறந்ததாக, குவைத்துக்கு ஆளனுப்பிய கொச்சி முகவர் நிறுவனம் ஒன்றின்மீது 2015இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டிலே, ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கிடையே சிக்கிய 46 இந்தியச் செவிலியர் ஜூலை மாதம் நாடு திரும்பினர். கடன் வாங்கிச் சென்றோம், வெறுங்கையுடன் எப்படித் திரும்புவது என்று அவர்களில் பலர் கலங்கியதும் செய்திகளில் வந்தது. இவற்றுக்குப் பின்னரே, வளைகுடா முதலிய நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு ஆணையிட்டது.

நகையை அடகு வைக்கும் முன், சென்னையிலுள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை ஒருமுறை அணுகுங்கள். 1978இலேயே தொடங்கப்பட்ட நிறுவனம் அது. நம்மவரில் பலர் அதன் பெயரையும் கேட்டதில்லை. தரகரின் தொலைபேசி எண்ணோ மனப்பாடம்! முகவர் எவராயினும் வெளியுறவு அமைச்சகத்தின் பதிவெண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஊதியம், பணிநேரம், தங்குமிடம் ஆகியவை எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள். ஆங்கிலமோ அரபியோ புரியவில்லையெனில், மஹல்லாவிலுள்ள படித்தவர் ஒருவரை ஜமாஅத்தார் இதற்கென அமர்த்தித் தரலாம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் அவர் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தால் போதும்.