வேகத்திற்கு யார் பொறுப்பு?

விடியுமுன் ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் பறக்கும் வேன்களைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் அன்றாடம் காண்கிறோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சரக்கு வண்டியில் நிற்க வைத்து ஓட்டிச் செல்வதையும் காண்கிறோம். சாலையோரத்தில் போலீசார் வேகம் அளக்கும் கருவியுடன் நிற்கிறார்கள். வேகம் கூடினால் டிரைவருக்கு அபராதம்.

வேகத்தை அளப்பதை நாம் எதிர்க்கவில்லை; வரவேற்கிறோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. பிரேக்கில் கால் வைக்குமுன்பே அவ்வளவு தூரம் போய்விடும். வேகம் இரு மடங்கானால் மோதும் பலம் நான்கு மடங்கு. அடிபட்டுச் சாவது உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளிதான்.

ஆனால் அந்த வேகத்தில் ஓட்டச் சொன்னது யார்? ஒரு கணக்குப் பார்ப்போம். தூரம் 40 கிலோமீட்டர். 45 நிமிஷத்தில் ஆலை வாசலில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. வழியில் ஆள் ஏற்றவே 15 நிமிஷம் போய்விடுகிறது. மீதி 30 நிமிஷத்தில் 40 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 80! அதுவும் குறுகலான கிராமச் சாலையில்!

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு இதை முன்பே யோசித்திருக்கிறது. வரம்பு மீறி ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட வைக்கும் எஜமானரும் குற்றவாளி. வரம்பை மீறாமல் போய்ச் சேர முடியாத நேரத்தை ஒருவர் குறித்துக் கொடுத்தால், அந்த உத்தரவே அவருக்கு எதிரான சாட்சியம் என்கிறது அப்பிரிவு. டிரைவர் மீது பாயும் இந்தப் பிரிவு, கான்ட்ராக்டர் மீதும் ஆலை முதலாளி மீதும் பாயாதது ஏன்?

சர்க்காரை நாம் கோருவது இது: வேன்களின் நேரப் பட்டியலை ஆலை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். வேகம் அளக்கும் அதிகாரிகள் அப்பட்டியலையும் அளக்க வேண்டும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றும் கொடுமையை ஒழிக்க வேண்டும்.

தோழர்களே! நீங்களும் அளக்கலாம். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வர 60 வினாடி ஆனால் வேகம் 60. 45 வினாடி ஆனால் 80. 36 வினாடி ஆனால் 100. ஒருவர் அல்ல, பலர் சேர்ந்து தேதியுடன் குறித்து, சங்கத்தில் கொடுங்கள். டிரைவர் நம் எதிரியல்ல, அவரும் தொழிலாளிதான். அவர் கழுத்தை நெரிக்கும் கடிகாரம் முதலாளியின் கையில் இருக்கிறது. அதைத் தட்டிக் கேட்போம்!