உள்தூக்குக் கூலி

பிளஸ் ஒன்ல அக்கவுண்டன்சி படிச்சவங்களுக்கு இந்தத் தலைப்பு ஞாபகம் இருக்கும். வாங்கின சரக்கை நம்ம இடத்துக்குக் கொண்டு வர்ற லாரி வாடகை, வண்டிச் சத்தம் இதுக்கெல்லாம் பேரு உள்தூக்குக் கூலி. வியாபாரக் கணக்குல பற்றுப் பக்கம் எழுதணும். மெஷின் வாங்கினா, அதை ஏத்தி இறக்கி மாட்டின செலவெல்லாம் மெஷின் விலையிலயே சேர்ந்துடும். நான் இதைப் படிச்சு முப்பது வருஷம் ஆகப் போகுது. அப்புறம் பி.காம்., அப்புறம் பேங்க் பரீட்சை, அப்புறம் ஊர் ஊரா டிரான்ஸ்ஃபர். போன மாசம்தான் திடீர்னு ஞாபகம் வந்துச்சு.

இப்ப இருக்கிறது அத்திபெலே. பெங்களூர்னு ஊர்ல சொல்லிக்கலாமே தவிர, ஆனேக்கல் தாலுகாவோட கடைசி ஊர். டோல்கேட், எல்லை வளைவு, அதைத் தாண்டினா ஜூஜுவாடி, தமிழ்நாடு. இந்தப் பக்கம் பொம்மசந்திரா, ஜிகணி, எலக்ட்ரானிக் சிட்டின்னு ஃபேக்டரியும் ஆபீசுமா இருக்கு. விடியக்காலையில ரோட்டோரம் நின்னு பாருங்க. பஸ்ஸிலயும் வேன்லயும் ஷேர் ஆட்டோவிலயும் போற கூட்டத்துல பாதிப்பேர் கான்ட்ராக்ட் ஆளுங்களாத்தான் இருப்பாங்க. செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லோடிங்.

எங்க கிளையில ஹவுஸ்கீப்பிங்குக்கு ஒரு அக்கா வர்றாங்க. ஏஜென்சி மூலமா. காலையில எட்டரைக்கு டாண்னு வந்துடுவாங்க. போன மாசம் ஒருநாள் அவங்க வந்து துடைப்பத்தை எடுக்கும்போதே ஏஜென்சி சூப்பர்வைசர் போன். ஜிகணி கிளையில ஆள் வரலையாம், உடனே அங்க போகணுமாம். அத்திபெலேயிலருந்து பொம்மசந்திராவுக்கு ஒரு பஸ், அங்க இறங்கி லிங்க் ரோட்டுல இன்னொரு பஸ். 2025 ஆகஸ்ட்ல வந்த மஞ்சள் லைன் மெட்ரோவும் பொம்மசந்திராவோட நின்னுடுது, நமக்குப் பிரயோஜனம் இல்லை. 2023 ஜூன்லருந்து கர்நாடகாவுல பெண்களுக்கு சக்தி திட்டத்துல பஸ் இலவசம்தான். ஆனா அது கர்நாடகாக்காரங்களுக்கு. அக்காவோட ஆதார்ல இருக்கிறது ஓசூர் விலாசம். டிக்கெட் கைக்காசு.

வேடிக்கை என்னன்னா, அன்னைக்கு அதே ஜிகணி கிளைக்கு என்னையும் ரிலீஃபா அனுப்பியிருந்தாங்க. எனக்கு முந்தின நாளே சொல்லியாச்சு. கார்ல போயிட்டேன். அக்கா வந்து சேரும்போது மணி பத்து நாப்பது. சாயங்காலம் ஏஜென்சியோட வருகைத் தாள் என் டேபிளுக்கு வந்துச்சு. வந்த நேரம்ங்கிற கட்டத்துல 10.40ன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையைத்தானே எழுதுறோம்னு ஒரு நினைப்பு.

மாசக் கடைசியில அவங்களுக்கு அரை நாள் கூலி பிடிச்சுட்டாங்க. "நீங்க எழுதினதைக் காட்டித்தான் சார் பிடிச்சாங்க"ன்னு சொன்னாங்க. கோபமாக்கூடச் சொல்லலை. அதுக்கு முந்தின வாரம்தான் எனக்கு ஜிகணி போயிட்டு வந்த பெட்ரோல் காசு கணக்குல ஏறியிருந்தது. ஒரே நாள். ரெண்டு பேரையும் அனுப்பினது அவங்கவங்க மேலிடம். எனக்கு வரவு, அந்தக்காவுக்குப் பற்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுலபமா இருக்க நாள் கூலி 600 ரூபாய், எட்டு மணி நேரம்னு வெச்சுக்குவோம். மணிக்கு 75. எட்டரையிலருந்து பத்து நாப்பது வரைக்கும் ரெண்டு மணி பத்து நிமிஷம். வேலையே செய்யலைன்னு கறாராப் பிடிச்சாலும் 162 ரூபாய் 50 காசுதான் பிடிக்கணும். பிடிச்சது 300. என்னைக் கேட்டா ஒரு பைசாகூடப் பிடிச்சிருக்கக் கூடாது.

ஏன்னா, அந்தத் தூரத்தை உண்டாக்கினது அவங்க இல்லை. என் கட்சி இவ்வளவுதான்: தூரத்தை யார் உண்டாக்கினாங்களோ அவங்கதான் அந்த நேரத்துக்குக் காசு கொடுக்கணும்.

வீட்டுலருந்து வழக்கமான வேலை இடத்துக்கு வர்ற நேரத்துக்கும் கூலி கொடுக்கணும்னு சில நண்பர்கள் சொல்றாங்க. நியாயமான ஆசை. ஆனா அப்படி வந்தா, மறுநாளே ஏஜென்சிக்காரன் ஆள் எடுக்கும்போது முதல்ல விலாசத்தைத்தான் பார்ப்பான். பக்கத்துத் தெரு ஆளுக்கு வேலை, சூளகிரி ஆளுக்கு இல்லைன்னு ஆகிடும். வாடகை கட்டுப்படியாகாம தள்ளிப் போய்க் குடியிருக்கிறவங்க தலையிலதான் அது விடியும். அதனால அதை நான் கேட்கலை. ஒரு இடத்துல வேலைக்கு வந்தவரை இன்னொரு இடத்துக்குப் போன்னு அனுப்பினா, நடுவுல போற நேரம் வேலை நேரம். வீடு ஓசூரா இருந்தாலும் ஆனேக்கலா இருந்தாலும் இதுல வித்தியாசம் வராது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்துல குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி, வீட்டுலருந்து வேலைக்கு வர்றது கணக்குல வராது, ஒரு வேலை இடத்துலருந்து அடுத்த இடத்துக்குப் போறது கணக்குல வரும். அமெரிக்காவுல 1947லயே முதலாளிகளுக்குச் சாதகமா, வீடு டு வேலைப் பயணத்துக்குக் காசு வேண்டாம்னு சட்டம் போட்டுட்டாங்க. அங்ககூட பகல்ல இடம் மாத்தி அனுப்பினா அது வேலை நேரம்தான். ஸ்பெயின்ல திருட்டு அலாரம் மாட்டுற டைகோ கம்பெனி 2011ல வட்டார ஆபீஸ்களை மூடிட்டு, ஆளுங்களை வீட்டுலருந்தே நேரா வாடிக்கையாளர்கிட்ட அனுப்பிச்சு. 2015 செப்டம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் அந்தப் பயணமும் வேலை நேரம்னு சொல்லிடுச்சு. அதுக்குச் சம்பளம் எவ்வளவுங்கிறதை மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுட்டாங்க.

நம்ம ஊர்ல நிலைமை விசித்திரம். வேலைக்குப் போற வழியில விபத்து நடந்தா, வேலையோட அதுக்குத் தொடர்பு இருந்தா, வேலையில நடந்த மாதிரியே எடுத்துக்கணும்னு 2010ல இ.எஸ்.ஐ. சட்டத்துல திருத்தம் வந்தது. மகாராஷ்டிராவுல ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன், ராத்திரி மூணு மணி டியூட்டிக்குப் போகும்போது ஆலைக்கு அஞ்சு கிலோமீட்டர் முன்னாடி விபத்துல இறந்துட்டார். அது 2003 ஏப்ரல். அவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 2025 ஜூலையில. இருபத்திரண்டு வருஷம்! ஆக, வழியில செத்தா வேலையில செத்ததா எழுதிக்கிறோம். உசுரோட போய்ச் சேர்ந்தா லேட்டுன்னு எழுதுறோம்.

ஏஜென்சியைக் கேட்டேன். "காண்ட்ராக்ட்ல அப்படி எதுவும் இல்லையே சார், நாங்க எந்தக் காசுலருந்து கொடுக்கிறது?"ன்னாங்க. அதுவும் முழுப்பொய் இல்லை. குறைஞ்ச டெண்டருக்குத்தானே நாம வேலையைக் கொடுக்கிறோம். கான்ட்ராக்டர் கூலி கொடுக்கலைன்னா வேலை வாங்கினவங்கதான் கொடுக்கணும்னு 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலயே இருந்தது. 2025 நவம்பர் 21லருந்து அமலுக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்புலயும் அது இருக்கு. எது கூலி நேரம்னு நாம எழுதி வைக்காத வரைக்கும் அதனால என்ன பிரயோஜனம்?

மேல எழுதிக் கேட்கலாமான்னு அக்காகிட்ட கேட்டேன். "வேணாம் சார், அரை நாள் காசுக்காக முழு வேலையும் போயிடும்"னாங்க. அவங்க சொல்றதும் சரிதான். அதனால யார் பேரும் போடாம, அடுத்த கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது கிளை மாத்தி அனுப்புற நேரத்தையும் பஸ் காசையும் சேர்க்கணும்னு மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கேன். எங்க மேனேஜர் படிச்சுட்டு, "நமக்கு எதுக்கு சார் இந்த வம்பு?"ன்னார். ஆனா முன்கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார். பதில் இன்னும் வரலை.

அதுவரைக்கும் என் கையில இருக்கிறது பேனா ஒண்ணுதான். இப்பல்லாம் வருகைத் தாள்ல "8.30 அத்திபெலே வந்தார், ஏஜென்சி சொல்லி அனுப்பியது, 10.40 ஜிகணி"ன்னு முழுசா எழுதிடறேன். கட்டம் பத்தலைன்னா ஓரத்துல எழுதறேன். அதுக்கப்புறம் ஒரு தடவை அனுப்பினாங்க, கூலி பிடிக்கலை. அன்னைக்கும் பஸ் காசு மட்டும் அக்காவோடதுதான்.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு தாள்ல தினமும் நீங்க கையெழுத்துப் போடறவரா இருக்கலாம். அடுத்த தடவை வந்த நேரத்தோட, எங்கிருந்து, எத்தனை மணிக்கு, யார் சொல்லிக் கிளம்பினாங்கன்னும் கேட்டு எழுதுங்க. சிமெண்ட் மூட்டை எங்கிருந்து வந்துச்சுன்னு நாம எழுதாம விடறதில்லையே.