மறந்துபோன இரு குழாய்கள்

வெயிலுக்குக் குறைவில்லாத யாழ்ப்பாணத்திலே காருக்கு ஹீற்றர் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 1948 ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் காருக்கு ஹீற்றர் என்பது தனிவிலை கொடுத்துப் பொருத்திக்கொள்ளும் உபகரணமாகவே நெடுநாள் இருந்தது. இன்று இங்கு ஓடும் யப்பானியக் கார்களிலோ அது கேளாமலே கூட வருகிறது. அதன் பொத்தானை நாம் தொடுவதில்லை. அப்படியொன்று இருப்பதாக நினைப்பதுமில்லை. ஆனால், நாம் மறந்தாலும் சுடுநீர் அதனை மறப்பதில்லை.

என்ஜினின் சூட்டைத் தணிக்கும் நீர் முன்புறத்து றேடியேற்றருக்குச் சென்று திரும்புவதை மாணவரும் அறிவர். அந்நீரின் ஒரு கிளை, விரற்பருமனுள்ள இரண்டு றப்பர் ஹோஸ்களின் வழியே, டாஷ்போர்டின் கீழுள்ள சிறிய ஹீற்றருக்குப் போய் மீள்கிறது. ஹீற்றரை நிறுத்தினாலும் பல கார்களில் இந்த ஓட்டம் நிற்பதில்லை. காற்றுவழி மாத்திரமே அடைபடும். அடைப்பு வால்வு உள்ள கார்களிலும், வால்வுவரையுள்ள ஹோஸில் சுடுநீர் அழுத்தத்துடன் நிற்கும்.

ஓடும் என்ஜின் அதிரும். காரின் உடல் அவ்வாறு அதிராது. இரண்டையும் இணைக்க வளையும் றப்பரே ஏற்றது. ஆயினும் சூடும் அழுத்தமும் றப்பரை நாளடைவில் தளர்த்துகின்றன. பிறெஷர் குக்கரில் நடப்பதே இங்கும் நடக்கிறது: அழுத்தம் ஏறினால் நீரின் கொதிநிலையும் ஏறும். மூடிய றேடியேற்றரில் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை நீர் கொதியாமல் நிற்கக்கூடும். மூடியைத் திறந்த கணமே அது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். சூடான என்ஜினின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள்.

ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் தீர்க்கக் கீரிமலைக்குச் செல்லும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். முதியோரும் குழந்தைகளும் நிறைந்த கார், வெயிலில் வரிசையாக ஊர்ந்து செல்கிறது. ஓட்டத்தின் காற்றில்லை, சூடு ஏறுகிறது. தளர்ந்த ஹோஸ் வெடிப்பதற்கு அதுவே தருணம். சில நிமிடங்களில் நீர் முழுவதும் வெளியேறும். நீரின்றி ஓடிய என்ஜினின் தலைப்பகுதி வளைந்தால், சிறு குழாயின் விலை எங்கே, அந்தச் செலவு எங்கே!

ஆகவே, பயணத்துக்கு ஒரு வாரம் முன்னரே, என்ஜின் முற்றாகக் குளிர்ந்திருக்கும் காலைவேளையில் பொனற்றைத் திறந்து பாருங்கள். வெடிப்பு, வீக்கம், எண்ணெய்ப் பிசுக்கு, கிளிப்புகளின் ஓரத்தில் காய்ந்த படிவு ஆகியவை எச்சரிக்கைகள். கண்ணால் பார்ப்பது மாத்திரம் போதாது. இக்கால ஹோஸ்கள் பெரும்பாலும் உட்புறத்தில், முனைகளுக்கு அருகிலேயே வெடிக்கத் தொடங்குகின்றன. கிளிப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் விரல்களால் அழுத்தி, நடுப்பகுதியோடு ஒப்பிடுங்கள். முனை அதிகமாய் மென்மையுற்றோ, உள்ளே பிளவுள்ளதாகவோ தோன்றினால் மாற்றிவிடுக. ஒன்று பழுதாயின் அதே வயதுடைய மற்றதையும் மாற்றுவதே சிக்கனம். குறையொன்றும் தோன்றாவிடினும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று.

மாற்றும்போது முதலில் நீரை ஒரு பாத்திரத்தில் இறக்குங்கள். ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். ஹீற்றரின் முனைக்குழாய் மெல்லியது, ஒடிந்துவிடும். முனைக்குழாயில் கீறல் படாதவாறு ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். முனையைச் சுத்தஞ் செய்து, புதிய ஹோஸில் கிளிப்பை முதலிலேயே கோத்து, முனையின் புடைப்பைத் தாண்டி நன்றாகச் செருகிய பின்னரே முடுக்குங்கள். நீர் நிரப்பி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். காற்றை அகற்றும் முறை காருக்குக் கார் வேறுபடுமாதலால் அதன் கைந்நூலையும் பார்த்துக்கொள்க. குளிர்ந்தபின் நீர்மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

எந்த நீரை ஊற்றுவது? மழைநீர் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடியே சென்று, கடலோரத்தில் ஊற்றெடுப்பதே கீரிமலைக் கேணியின் நன்னீர். நம் கிணறுகளின் நீரும் அப்பாறையில் ஊறியதே. நீராடவும் பயிர் செய்யவும் அது கொடை, றேடியேற்றருக்கோ பகை. கேற்றிலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் சுண்ணமே ஹீற்றரின் நுண்குழாய்களையும் அடைக்கும். காருக்குரிய கூலன்ற்றையும் வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவதே பொதுவாக ஏற்றது.

இறக்கிய பழைய கூலன்ற் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் வீட்டு நாய்க்கும் எட்டாதவாறு மூடிய கலனில் வைத்து, கழிவை முறையாக அகற்றும் கராஜில் ஒப்படையுங்கள். வளவில் ஊற்றினால் பாறையின் வெடிப்பு வழியே கிணற்றைச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை.

வழியில் ஹோஸ் வெடித்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, அது ஆறும்வரை பொறுத்திருங்கள். சூடான என்ஜினில் குளிர்நீரை ஊற்றாதீர்கள். ஆறியபின், என்ஜினிலுள்ள ஹீற்றர் முனைகள் இரண்டையும் ஒரே ஹோஸ் துண்டால் இணைத்து, நீரை நிரப்பிப் பல கார்களை வீடு சேர்க்கலாம். குளிர்நாட்டில் பயணி நடுங்கிப்போவான். நம் ஊரில் ஹீற்றர் இல்லாதது ஒரு குறையாகாது.

பயன்படாத பொருள் பழுதாகாது என்று எண்ணுவது நம் வழக்கம். காரின் இவ்விரு குழாய்கள் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றன. அடுத்த பயணத்துக்கு முன் ஒரு காலைப்பொழுதில் கால்மணி நேரம் ஒதுக்கி அவற்றை அழுத்திப் பாருங்கள். வீட்டு மாணவர்களையும் அருகே அழைத்துக்கொள்ளுங்கள். பாடநூலில் படித்த அழுத்தத்தையும் கொதிநிலையையும் அவர்கள் நேரில் காணட்டும்.