தட்டிலிருந்து மீன் ஏன் மறைந்தது?

டயாலிசிஸ் தொடங்கி ஐந்து மாதங்களான ஒருவரின் இரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் அளவு தொடர்ந்து இறங்கி வந்தது. வீட்டில் என்ன உண்கிறார் என்று விசாரித்தோம். காலையில் இட்லி, நண்பகலில் ரசம் சாதம், இரவில் கஞ்சி என்றார் அவர் மனைவி. மீன், முட்டை உண்டா என்றோம். "நீங்கதானே டாக்டர் அதெல்லாம் குறைக்கச் சொன்னீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டபோது எங்களிடம் விடையில்லை. சொன்னவர்கள் நாங்கள்தாம், டயாலிசிஸ் தொடங்கிய பின் அந்த உணவுத் தாளை மாற்றித் தர மறந்தவர்களும் நாங்கள்தாம்.

சிறுநீரகம் பழுதடைந்து, டயாலிசிஸ் நிலையை இன்னும் எட்டாதவருக்குப் புரதத்தை அளவோடு நிறுத்துவது சரியே. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. ஒவ்வொரு முறையும் கழிவுகளோடு அமினோ அமிலங்களும் வெளியேறுகின்றன. ஆகவே உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவைப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ரசம் சாதத்தில் இது கிட்டாது. 100 கிராம் மீன் சதையில் ஏறத்தாழ 20 கிராமும், ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் மூன்றரை கிராமும் கிடைக்கும்.

பசியே எடுக்காதவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்பதையும் அறிவோம். உப்பில்லாத மீன் குழம்பை முகம் சுளிக்காமல் உண்பவர் அரிது. அதனால்தான் ஃபிஷ் ஃபிங்கரைப் பரிந்துரைக்கிறோம். (மீனுக்கு ஏது விரல் என்று கேட்காதீர்கள், 1955இல் இங்கிலாந்துக் கடைகளுக்கு அந்தப் பெயரோடு வந்தது, அப்படியே நிலைத்துவிட்டது.) மொறுமொறுப்பு இருக்குமிடத்தில் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடுவதில்லை என்பது எங்கள் அனுபவம். ஆனால் கடையில் உறைநிலையில் விற்கப்படுவது வேண்டாம். அதில் உப்பு மிகுதி. பாஸ்பேட் சேர்ப்புப் பொருள்களும் இருக்கக்கூடும்.

கொடுவா அல்லது வஞ்சிரத்தை முள் நீக்கி, விரல் பருமனில் நறுக்கித் துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் மொறுமொறுப்பு வராது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். எலுமிச்சைச் சாறு சில துளிகள், மிளகுத்தூள், பூண்டு விழுது போதும். பின்னர் அரிசி மாவில் புரட்டி, அடித்த வெள்ளைக்கருவில் தோய்த்து, கொரகொரப்பாகப் பொடித்த வெள்ளை அவலில் உருட்டுங்கள். ரொட்டித் தூளில் உப்பு உண்டு, அவலில் இல்லை. அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் மேலுறை உதிராது. தோசைக்கல்லில் புதிய எண்ணெய் சற்றுத் தாராளமாக விட்டு, அது நன்கு காய்ந்த பிறகு, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பொரித்தெடுங்கள். உள்ளே சதை வெண்மையாகி இதழ் இதழாகப் பிரிய வேண்டும்.

தொட்டுக்கொள்ளத் தக்காளி சாஸ் வேண்டாம். அதில் உப்பும் பொட்டாசியமும் உண்டு. நீர் வடித்த கெட்டித் தயிரில் புதினா, பூண்டு, மிளகு அரைத்துக் கலந்தால் இரண்டு தேக்கரண்டி போதும். உப்பில்லாமல் முடியாதென்று "சோடியம் குறைந்த உப்பை" மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது. டயாலிசிஸ் நோயாளியின் இதயத் துடிப்பையே அது குலைத்துவிடும். இந்துப்பும் உப்புதான்.

எண்ணெய்ப் பண்டத்தை மருத்துவரே சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மெலிந்துகொண்டே போகும் டயாலிசிஸ் நோயாளிக்கு எண்ணெய் தரும் ஆற்றலும் தேவை. வாரம் இருமுறை வீட்டில் பொரிப்பதைவிட, நாள்தோறும் தட்டின் ஓரத்தில் வைக்கும் ஊறுகாயே எங்களுக்குக் கவலை தருகிறது. இதய நோயும் உள்ளவர்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை, உணவுக்கு வெகுநேரம் கழித்து அல்ல, இந்த மீனோடு சேர்த்தே விழுங்க வேண்டும்.

அந்த அம்மையார் அடுத்த வாரமே செய்து பார்த்தார். கணவர் நான்கு துண்டுகள் உண்டாராம். மீதியைப் பேரன் முடித்துவிட்டான் என்பது மட்டுமே அவருக்குக் குறை.